ரசம் போன கண்ணாடி

கர்ப்பத்தின் ஆறாம் மாதம் பிறந்த வியாழக்கிழமை துளசியின் வயிறு முகம் பார்க்கும் கண்ணாடியாக மாறியது. சுங்கை பினாங் அடுக்குமாடியில் அதை முதலில் கண்டவள் எதிர்வீட்டு ஹனா. அவள் அலறவில்லை, அதில் பார்த்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டு போனாள். காரணம் பெரிய ரகசியமில்லை. மாமியார் குணவதி பத்து காவான் ஊரிலிருந்து வரும்போதெல்லாம், பிள்ளையாவது அப்பனைப் போல் சிவப்பாகப் பிறக்கட்டும் என்பாள். கணவன் கிஷனுக்குச் சிங்கப்பூரில் வேலை. கைப்பேசியில் சிரித்து மழுப்புவான். குங்குமப்பூவை மட்டும் நம்பினால் ஆகாது என்று துளசி பாசார் மாலாம் இரவுச் சந்தையில் பெயரில்லாத டப்பாவில் விற்ற வெளுப்பு கிரீமை வாங்கி, காலையும் மாலையும் வயிற்றில் தேய்த்தாள். முட்டாள்தனம்தான், தனியாகக் கிடப்பவளுக்கு யார் புத்தி சொல்வது?

அந்தக் கண்ணாடியில் யார் பார்த்தாலும் வெளுப்பாகத் தெரிந்தார்கள். கல்யாணத்துக்குப் போகிறவர்களும் இன்டர்வியூவுக்குப் போகிறவர்களும் அவளை நிற்கவைத்துப் பவுடர் பூசிக்கொண்டார்கள். குணவதியும் பார்த்துப் பூரித்துவிட்டு மூத்த மகனின் காரில் ஏறினாள். வீடு நிறைய ஆள். துளசியின் முகத்தைப் பார்க்க ஒருவருமில்லை. அவள் விரல்கள் நடுங்கியதும் யார் கண்ணிலும் படவில்லை.

கிளினிக்கில் தமிழ் பேசும் நர்ஸ் காமாரியா மிஸ்ஸி மட்டும் அந்த விரல்களைப் பிடித்துப் பார்த்தாள். டப்பாவை வாங்கிச் சோதனைக்கு அனுப்பினாள், ரத்தமும் எடுத்தார்கள். கிரீமில் பாதரசம். தோல் வழியே ரத்தத்தில் ஏறிப் பிள்ளையின் மூளையையும் காதையும் தாக்கலாம் என்றாள்.

“பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல, மிஸ்ஸி?”

“இப்ப சொல்ல முடியாதும்மா. கிரீமைத் தொடாத. பொறந்தப்புறம், நீ கூப்பிட்டா திரும்புதான்னு பாப்போம்.”

கிரீம் நின்றதும் கண்ணாடி ரசம் போய் வெறும் வயிறானது; கூட்டமும் கலைந்தது. மிச்ச நாளெல்லாம் துளசி வயிற்றோடுதான் பேசினாள்.

பெண் பிறந்தது, அவளைப் போலவே கறுப்பாக. இடது உள்ளங்காலில் மட்டும் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கண்ணாடி. மிஸ்ஸி அதை மச்சம் என்று எழுதிக்கொண்டாள். குணவதி உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனவள்தான், பிறகு வரவில்லை. அக்கம்பக்கத்தில் அதே வயதுப் பிள்ளைகள் தவழ்ந்தார்கள். அம்மா கூப்பிட்டால் இந்தக் குழந்தை சுவரையே பார்த்தது. துளசி பயந்தாள், அழுதாள், கூப்பிடுவதை மட்டும் விடவில்லை. ஒரு மழை மதியம் அடுப்படியிலிருந்து “கண்ணு” என்றபோது குழந்தை தலையைத் திருப்பி அவள் முகத்தைப் பார்த்தது. அப்படி யாரும் அவளைப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. ஓடிப்போய்ச் சொல்ல ஆளில்லாததால் அந்தச் சந்தோஷத்தைப் பிள்ளையிடமே சொன்னாள்.

விருந்தாளி வந்தால் குழந்தைக்குக் காலுறை மாட்டிவிடுகிறாள். அந்தச் சின்னக் கண்ணாடி யாரையும் வெளுப்பாகக் காட்டுவதில்லை. காலையில் அந்தக் காலைத் தூக்கிப் பிடித்து, அதில் பார்த்துத்தான் துளசி பொட்டு வைத்துக்கொள்கிறாள்.