கார்டு வீணாகக் கூடாது

அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்கப் போன சின்ன மருமகள் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் இருட்டியது. கால் வழியே ரத்தம் சூடாக இறங்குவது தெரிந்தது. மாமியார் ஓடி வந்து தாங்கிப் பிடித்தாள். அதில் ஒன்றும் குறை சொல்ல முடியாது. ஆனால் பிடித்த பிடியை விடாமலே அவள் கேட்டது இதுதான்.

“இந்த மாசத்தோட கார்டு முடியுதுடி. இப்பவாவது நான் சொல்றதக் கேளேன். அது வீணாப் போகணுமா?”

கார்டு என்றால் அரசாங்கம் கொடுத்த மருத்துவக் காப்பீட்டு அட்டை. வருடத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகை அதில் உண்டு. செலவழிக்காமல் விட்டால் அடுத்த வருடத்துக்குச் சேராது. இதை அந்தத் தெரு எப்படிப் புரிந்துகொண்டது தெரியுமா? நோய் வராதவன் ஏமாளி என்று! வருடக் கடைசியில் ஆஸ்பத்திரி வேன் தெருமுனையில் வந்து நிற்கும். ‘கார்டுக்காரர்’ என்றே பெயர் வாங்கிவிட்ட ஆஸ்பத்திரி ஏஜெண்ட் வீடு வீடாகப் படியேறி, “அக்கா, உங்க வீட்ல இன்னும் பாக்கி இருக்கே” என்று ஞாபகப்படுத்துவார். அந்தத் தெருவில் பாதிப் பேருக்குக் குடல்வால் கிடையாது. மாமியாரே ஒரு வருடம் பித்தப்பையைக் கொடுத்துவிட்டு, ஏதோ கடன் தீர்ந்த மாதிரி நிம்மதியாக வீடு வந்தவள்தான்.

சின்னவளுக்கு வேண்டியிருந்தது மாத்திரை. தையல் ஆலைக்குப் போகிற வழியில் இருக்கிற சின்ன கிளினிக்கில் ஒரு டாக்டரம்மா, “ரத்தம் டெஸ்ட் பண்ணணும், ஸ்கேன் எடுக்கணும். மாத்திரையிலயே நின்னுடலாம், பயப்படாதீங்க” என்று சொல்லியிருந்தாள். ஆனால் மாத்திரைக்குக் கார்டு செல்லாது. டெஸ்டுக்கும் செல்லாது. ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் செல்லும், வயிற்றைக் கிழித்தால் ஜோராகச் செல்லும். இந்தச் சட்டத்தை எழுதின புண்ணியவான் வீட்டில் எந்தப் பெண்ணுக்கும் வயிறு வலித்ததே இல்லை போலிருக்கிறது.

“கர்ப்பப்பைய எடுத்துட்டா தொல்லை விட்டுது. ஒரு புள்ளை இருக்கு, போதாதா?” என்றாள் மாமியார். “பெரியவளும்தான் எடுத்துக்கிட்டா. செத்தா போயிட்டா?”

மூத்த மருமகளான பெரியவள் வாசற்படியில் உட்கார்ந்து முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சின்னவளுக்கும் அவளுக்கும் வயதில் பெரிய வித்தியாசம் இல்லை. பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள். மாமியார் உள்ளே போனதும் அவள் மெல்லச் சேலையை விலக்கிக் காட்டினாள். தொப்புளுக்குக் கீழே தடித்த கோடாகத் தையல் தழும்பு.

“என்ன நோயினு நான் கேக்கவே இல்லடி. ‘வீங்கியிருக்கு, விட்டா புத்துநோயா மாறிடும்’னு டாக்டர் சொன்னாரு. பயந்துட்டேன். இப்ப ராத்திரி பகல்னு இல்ல, உடம்பு நெருப்பா எரியுது. எலும்பெல்லாம் நோவுது. இதுக்குக் கார்டு செல்லாதாம்.”

அப்படியிருந்தும் மறுநாள் சின்னவள் வேனில் ஏறினாள். என்ன செய்வாள் பாவம்? ஆலையில் மெஷின் மேலேயே இரண்டு தடவை மயங்கி விழுந்தாயிற்று. இன்னொரு தடவை விழுந்தால் வேலைக்கே வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டான். ரத்தம் நிற்க வேண்டும், எப்படியாவது நிற்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த புருஷன் டெம்போ டிரைவர். வாயில்லாப் பூச்சி. அம்மா ஒன்று சொல்லி, பெண்டாட்டி ஒன்று சொன்னால் வண்டியைத் துடைக்கப் போய்விடுகிறவன்.

ஆஸ்பத்திரியில் பச்சை அங்கியை மாட்டி, ஸ்கேன் எடுத்துவிட்டு, நீளப் பெஞ்சில் மற்றப் பெண்களோடு அவளையும் உட்கார வைத்தார்கள். டாக்டர் வந்தார். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு அவளைத் தாண்டி, பின்னால் நின்ற புருஷனிடம் சொன்னார்.

“கர்ப்பப்பை வீங்கியிருக்குப்பா. விட்டா புத்துநோயா மாறிடும்.”

அடுத்த பெண்ணிடம் போனார். அவள் புருஷனிடமும் அதே வார்த்தை. அதற்கடுத்தவளுக்குத் துணையாக வந்திருந்த அண்ணனிடமும் அதே வார்த்தை, அதே குரலில். அட பாவி! ஒரு பெஞ்சு நிறைய ஒரே நோயா?

சின்னவள் எழுந்தாள். “டாக்டர், அந்தப் படத்த நான் பாக்கணும். எனக்கு என்ன நோயினு எனக்குச் சொல்லுங்க.”

“பாத்தா உனக்குப் புரியப் போகுதா?” என்று நர்ஸ் இடையில் புகுந்தாள். “உன் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டுட்டாரு. பேசாம உக்காரு.”

சின்னவள் திரும்பிப் பார்த்தாள். புருஷன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஏங்க, வயித்துல கத்தி வைக்கிறது எனக்கு. கையெழுத்து மட்டும் உங்களதா?”

அவள் அங்கியைக் கழற்றிப் பெஞ்சில் போட்டுவிட்டு, தன் உடுப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள். “பேரு ஏத்தியாச்சும்மா, இப்படிப் போனா எப்படி?” என்று நர்ஸ் பின்னால் கத்தினாள். பேர் ஏற்றுவது என்றால் என்னவென்று அவளுக்கு அப்போது விளங்கவில்லை.

வீட்டில் மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சாயங்காலம் டிரைவரின் போனில் ஒரு செய்தி வந்தது. ‘தங்கள் அறுவைச் சிகிச்சை வெற்றிகரமாக முடிந்தது. நலமுடன் வாழ வாழ்த்துகிறோம்.’ கார்டில் இருந்த தொகை முழுவதும் போயிருந்தது. அவன் வாசித்துக் காட்டியதும் மாமியார் நெஞ்சில் கைவைத்துப் பெருமூச்சு விட்டாள்.

“அப்பாடா! எப்படியோ, கார்டு வீணாப் போகல.”

சிரிப்பதா அழுவதா என்று சின்னவளுக்குத் தெரியவில்லை. பெரியவள்தான் சிரித்தாள். அந்தச் சிரிப்பு நிற்காமல் அழுகையில் போய் முடிந்தது.

ரத்தம் நிற்கவில்லை. அந்த வாரமே ஆலையில் மறுபடி விழுந்தாள், சொன்னபடி வேலையும் போயிற்று. உதடு வெளுத்து, நாலு அடி நடந்தால் மூச்சு வாங்குகிற நிலையில் பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிக்கு டெம்போவிலேயே கொண்டு போனான் புருஷன். கூட்டத்தில் நின்று நின்று, கடைசியில் டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள். கார்டு எண்ணைத் தட்டிய டாக்டர் திரையைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார்.

“உங்களுக்குக் கர்ப்பப்பையே எடுத்தாச்சே. அப்புறம் எப்படி ரத்தம் போகும்?”

“எடுக்கல டாக்டர்.”

“எடுத்ததா இருக்கேம்மா. இல்லாத உறுப்புக்கு நான் ஸ்கேன் எழுதினா கம்ப்யூட்டர் ஏத்துக்காது. எங்க ஆபரேஷன் பண்ணாங்களோ அங்கயே போய்க் காட்டுங்க.” அவர் அவள் தலைக்கு மேலாகப் புருஷனைப் பார்த்தார். “என்னப்பா, எடுத்தாச்சா இல்லையா? நீ சொல்லு.”

டிரைவர் சட்டைப் பையில் வண்டிச் சாவியைத் தேடினான். கையெழுத்துப் போட்டவன் என்ன சொல்வான்!

“அவரக் கேக்காதீங்க டாக்டர். வயிறு என்னோடது, என்னைக் கேளுங்க.”

சின்னவள் நாற்காலியிலிருந்தபடியே சுடிதார்ச் சட்டையைத் தூக்கினாள். வரிசையில் ஆண்களும் நின்றிருந்தார்கள். நின்றால் நிற்கட்டும். தொப்புளுக்குக் கீழே ஒரு கீறல்கூட இல்லாத வயிறு, பிரசவத்தில் விழுந்த சுருக்கங்களோடு அப்படியே இருந்தது.

“தழும்பு எங்கன்னு பாத்துச் சொல்லுங்க.”

டாக்டர் வயிற்றைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். வயிற்றை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, மறுபடியும் திரையைத்தான் பார்த்தார்.

“அடுத்த ஆள் வரட்டும்” என்றார்.

அடுத்த ஆள் வந்து பக்கத்தில் நின்றாள். சின்னவள் சட்டையை இறக்கவில்லை, நாற்காலியை விட்டு எழுந்திருக்கவும் இல்லை.