யாருடைய கால் என்று முடிவாகாத பூட்ஸ்

நாற்சந்தியில் நிற்கும் அந்த பூட்ஸுக்குள் யாருடைய கால் இருக்க வேண்டும் என்பதற்காக மட்டும் நகராட்சியில் நான்கு கூட்டங்கள் நடந்தன. கொசு ஒழிப்புச் சின்னமாகச் செய்த பன்னிரண்டு அடி உயர ஃபைபர் பூட்ஸ். அதன் அடியில் நசுங்கிக் கிடக்கும் கொசு, முகத்தில் மன்னிப்புக் கேட்கும் பாவனையோடு. அதுவரை யாருக்கும் மறுப்பில்லை. பூட்ஸுக்கு மேலே கால் என்று பேச்சு வந்தபோதுதான் வம்பு வந்தது. சுகாதார அதிகாரி, தான் வழக்கமாகப் போடும் நீலக் கால்சட்டைதான் பொருத்தம் என்றார். ஆணையர் சாம்பல் நிறம் என்றார். நகராட்சித் தலைவர் தன் முழங்காலைத் தடவிக்கொடுத்தார். அந்தத் தடவலின் அர்த்தம் எல்லோருக்கும் புரிந்தது. கடைசியில் காலே வேண்டாம் என்று ஒருமனதாகத் தீர்மானித்து, டீ குடித்துக் கலைந்தார்கள்.

பூட்ஸ் வாயைப் பிளந்தபடி வானத்தைப் பார்த்து நின்றது. திறப்பு விழா முடிந்த மறுவாரம் மழை பிடித்துக்கொண்டது.

வீடு வீடாகப் போய்க் கொசுப்புழு தேடுகிறவளுக்கு அந்த வட்டாரத்தில் டார்ச் என்று பெயர். பதினொரு வருடமாக ஊரார் வீட்டுத் தொட்டிகளிலும் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டுகளிலும் டார்ச் அடித்துப் பார்த்து வந்ததில், சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் மிச்சம் இருந்தது. அவளுக்கு மேலே ஒரு சூப்பர்வைசர். கண்டறிந்த புழுக்கள் என்ற கட்டத்தில் எந்நேரமும் சைபர் போடுவதால் அவனைப் பூஜ்யம் என்பார்கள். வாரா வாரம் திங்கட்கிழமை காலையில், புழு இருந்த வீட்டுக் கதவில் ஒட்டுகிற சிவப்பு நோட்டீஸ் பத்தில், நிரப்பாமலே, டார்ச்சிடம் கையெழுத்து வாங்கி அவன் பையில் வைத்துக்கொள்வான். வேலை சுலபமாகும் என்பான். அவளும் போட்டுக் கொடுத்துவிடுவாள்.

மழை பிடித்த மூன்றாவது வாரம், நாற்சந்தியை ஒட்டிய தெருவில் மூன்று பேருக்கு டெங்குக் காய்ச்சல். மூன்றாவது ஆள் டார்ச்சின் தங்கை மகள், ஒன்பது வயது. ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள் பிளேட்லெட் இறங்க ஆரம்பித்தது. வீட்டில் இன்னொரு பெண் குழந்தை இருந்தது, இரண்டு வயது.

டார்ச் தங்கை வீட்டை இரண்டு முறை அலசினாள். தையல்காரியின் வீடு. நூல் துணுக்குக்கூடத் தரையில் கிடக்காது. ட்ரம் தேய்த்துக் கவிழ்த்திருந்தது. ஒரு சொட்டு இல்லை.

பூஜ்யத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை, 'கொசுவில்லா வட்டம்' விருதுக்காகத் தேர்வுக்குழு வருகிறது. காய்ச்சல் வந்தால் அது அந்த வீட்டுக்காரர் தப்பாக இருக்க வேண்டும். பையில் இருந்து ஒரு நோட்டீஸை எடுத்து, காரணம் என்ற இடத்தில் 'பூந்தொட்டித் தட்டு' என்று எழுதிக் கதவில் ஒட்டிவிட்டுப் போனான். கீழே டார்ச்சின் கையெழுத்து.

துணி தைக்கக் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக வந்து திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். டார்ச் போனபோது தங்கை வாசலை மறித்து நின்றாள்.

"எங்க வீட்டுல துணி காயப்போடவே இடமில்ல. பூந்தொட்டிய எங்க வெச்சிருந்தேன், உன் தலையிலயா?"

"நான் எழுதலடி. வெறும் தாள்ல கையெழுத்து..."

"வெறும் தாள்ல கையெழுத்துப் போடுறவ அக்கான்னு சொல்லிக்காத. சின்னவளுக்கும் வந்துச்சுன்னா எந்தத் தொட்டின்னு எழுதுவீங்க? இப்பவே சொல்லிடு, வாங்கி வெக்கிறேன்."

கதவு சாத்தப்பட்டது. கதவோடு நோட்டீஸும் அவள் முகத்துக்கு நேரே வந்து நின்றது.

திங்கட்கிழமை காலை அவள் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடவில்லை. அந்தத் தெருவில் ஒரு வீடு விடாமல் பார்த்தாள். மாடி, சன்ஷேடு, பழைய டயர், எல்லாம் காய்ந்து கிடந்தன. கால் கடுத்துப் போய் பூட்ஸ் பீடத்தில் உட்கார்ந்தாள். கையில் சுருக்கென்றது. அடித்துப் பார்த்தாள். காலில் வெள்ளைப் பட்டை போட்ட கொசு. அடுத்தது பிடரியில். பட்டப்பகலில், நடுச்சந்தியில். நிமிர்ந்து மேலே பார்த்தாள்.

எதிரே இருந்த டூவீலர் மெக்கானிக்கிடம் ஏணி வாங்கி ஏறினாள். பூட்ஸில் பாதிக்கு மேல் தண்ணீர். டார்ச் வெளிச்சம் பட்டதும் தண்ணீர் நெளிந்தது. நீளக் காம்புக் கரண்டியில் எட்டி மொண்டு பார்த்தாள். புழுக்களும், அவற்றுக்கு நடுவே காற்புள்ளி மாதிரி சுருண்ட கூட்டுப்புழுக்களும். ஒன்றிரண்டு நாளில் பறக்கிற வயசு.

பாட்டிலில் பிடித்துக்கொண்டு நேராகச் சுகாதார அதிகாரியின் அறைக்குப் போனாள். அவர் வெள்ளிக்கிழமைப் பேச்சைக் கண்ணாடி முன் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்த வீடும்மா?"

"வீடில்ல சார். நம்ம பூட்ஸ்."

பாட்டிலை வெளிச்சத்தில் ஆட்டிப் பார்த்தார். "கதவு எண் இல்லாம கம்ப்யூட்டர் ஏத்துக்காதே."

"மருந்தாவது குடுங்க சார், ஊத்திட்டு வந்துடுறேன்."

"மருந்தெல்லாம் விருந்தினர் வர்ற ரோட்டுக்கு ஒதுக்கியாச்சு. அதோட அது கலைப்பொருள். பொறியியல் பிரிவைக் கேக்காம யாரும் கை வெக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை முடியட்டும்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள இதெல்லாம் பறந்துடும் சார்."

அதிகாரி பாட்டிலை மேசையில் வைத்தார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி படர்ந்தது. "பறந்துட்டா அப்புறம் புழு இல்லதானே?"

டார்ச் பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அவள் தங்கை மகளின் கையில் ஊசி ஏற்ற நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்தியிருந்தார்கள். இந்த ஆளுக்குப் பறந்துவிட்டால் போதும்.

"தம்பி, துளை போடுற மெஷின் இருக்கா?"

மெக்கானிக் கையைத் துடைத்தான். "எதுக்குக்கா?"

"பூட்ஸ் குதிங்கால்ல ஓட்டை போடணும்."

"கேஸாயிடும்."

"உன் பேரு வராது. மெஷினக் குடு."

"நீங்க போட்டா கோணலாயிடும். நகருங்க." வயரை ரோட்டுக்குக் குறுக்கே இழுத்துக்கொண்டு வந்து அவனே போட்டான்.

முதல் துளையில் தண்ணீர் பிய்த்துக்கொண்டு அடித்தது. டீக்கடையில் இருந்தவர்கள் டம்ளரோடு எழுந்து வந்தார்கள். வழிந்த தண்ணீர் சூடேறிய தாரில் பரவ, புழுக்கள் துடித்துத் துடித்து ஓய்ந்தன. "இத்தனையும் உள்ளயா இருந்துச்சு?" என்றார் ஒருவர். "நாங்க சும்மா சட்டிய கவுத்து வெச்சோம்" என்றாள் ஒருத்தி.

தங்கை இரண்டு வயதுக்காரியை இடுப்பில் வைத்துக்கொண்டு தன் வாசலில் நின்று பார்த்தாள். டார்ச் அவள் முகத்தைப் பார்க்காமல், கதவிலிருந்த நோட்டீஸை மட்டும் பிளேடால் சுரண்டி எடுத்தாள். தன் கையிலிருந்த நோட்டீஸ்களில் புதுசு ஒன்றை எழுதி பூட்ஸில் ஒட்டினாள். இடம்: பூட்ஸ். உரிமையாளர்: நகராட்சி. இந்த முறை எழுதிய பிறகு கையெழுத்துப் போட்டாள்.

மறுநாளே மெமோ வந்தது. பொதுச் சொத்தான கலைப்படைப்பில் துளையிட்டுச் சேதம் விளைவித்தது ஏன் என்று மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும். கீழே அதிகாரியின் கையெழுத்து, அவர் மீசை மாதிரியே இரு பக்கமும் முறுக்கி.

வெள்ளிக்கிழமை வெள்ளைக் கார்கள் வந்தன. பூஜ்யம் சிவப்பு நோட்டீஸின் மேல் வரவேற்புத் தட்டி ஒன்றைச் சாய்த்து வைத்திருந்தான். தேர்வுக்குழுத் தலைவியான அம்மையார் பூட்ஸைச் சுற்றி வந்து குதிங்காலருகே குனிந்தார்.

"தண்ணி தேங்காம இருக்க வழி வெச்சிருக்கீங்க. பெரும்பாலும் யாருக்கும் இது தோணாது. யாரோட யோசனை?"

அதிகாரி தொண்டையைச் செருமினார். "ஆரம்ப வரைபடத்துலயே நான் போட்டதுதான் மேடம். சின்னச் சின்ன விஷயம்தான் கொசு ஒழிப்புல முக்கியம்."

கைதட்டினார்கள். மெமோவுக்கு விளக்கம் கொடுக்க அன்றுதான் கடைசி நாள். டார்ச் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அந்த அம்மையாரிடம் மெமோவை நீட்டினாள்.

"என் விளக்கத்த சார் இப்பதான் சொல்லிட்டாரு மேடம். இதுல ரெண்டு வரி எழுதிக் குடுத்துடுங்க."

அம்மையார் படித்தார். தேதியைப் பார்த்தார். கையெழுத்தைப் பார்த்தார். பிறகு வரவேற்புத் தட்டியை ஒரு விரலால் நகர்த்தி, பின்னால் இருந்ததையும் படித்தார். "தட்டச்சுப் பிழை மேடம்" என்றார் அதிகாரி. எந்த எழுத்து என்று அம்மையார் கேட்கவில்லை. காரில் ஏறிவிட்டார். விருது பக்கத்து வட்டத்துக்குப் போனது.

டார்ச்சைத் தெருவிளக்குப் பிரிவுக்கு மாற்றினார்கள். டார்ச்சுக்கு அதுதானே பொருத்தம் என்று பூஜ்யம் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தான். அவளுடைய வேலைக்கு யாரையும் போடவில்லை. அதனால் கட்டத்தில் சைபர் போடுவது அவனுக்கு முன்னைவிடச் சுலபமாகிவிட்டது.

பத்து நாள் கழித்துப் பெரியவள் வீடு திரும்பினாள், பாதியாக இளைத்து. சின்னவளுக்குக் காய்ச்சல் வரவில்லை. டார்ச் வாசலுக்கு வெளியிலேயே நின்றாள். கதவில் நோட்டீஸ் இருந்த இடத்தில் பசைத் தழும்பு சதுரமாகத் தெரிந்தது.

தங்கை தையல் மெஷினை நிறுத்தாமல் சொன்னாள்.

"வெளிய நின்னா எப்படித் தெரியும்? உள்ள வந்து பாரு, பூந்தொட்டி எங்கயாவது இருக்கான்னு."