பிரேக் பெட்டி வேண்டாம் என்றவன்

மொன்றியல் துறைமுகத்தில் இருபத்திரண்டு வருடமாகக் கொள்கலன் லொறி ஓட்டுகிறேன். அதனால் எங்கள் ஆட்களில் யார் என்ன வாகனம் வாங்கப் போனாலும் "இரவிச்சந்திரன் அண்ணையைக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்பார்கள். எனக்கு அது பிடிக்கும். பிடிக்கும் என்ன, யாராவது கூப்பிட மாட்டார்களா என்று காத்திருப்பேன்.

சிசிலியும் அப்படித்தான் கூப்பிட்டாள். மட்டக்களப்புக்காரி. நோத்ர-டாம்-த-கிரேஸில் எங்களுக்குக் கீழ் வீட்டில் இருக்கிறாள். தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, கொத்துரொட்டி போட்டு விற்பதற்கென்று அடுப்பும் தகடும் பூட்டிய டிரெயிலர் ஒன்று வாங்கியிருந்தாள். அதை இழுக்க அவளுடைய பழைய பிக்கப்பின் பின்பக்கம் ஹிட்ச், அதாவது டிரெயிலரைக் கொழுவும் இரும்பு, பூட்ட வேண்டும். மாதா கோயில் திருநாளில் கடை போட அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. அதுதான் முதல் வியாபாரம்.

ஹிட்ச் வாங்கப் போன கடையில் நான் சும்மா நிற்கவில்லை. டிரெயிலரில் அடித்திருந்த எடையைச் சொல்லி, அதைத் தாங்கும் ஹிட்ச் எது, அதன் நுனியில் டிரெயிலர் பொருந்தும் உருண்டை எந்த அளவு என்று நானே பார்த்து எடுத்தேன். அதுவரை எல்லாம் சரி. பிறகு கடைக்காரர் உள்ளங்கை அளவில் ஒரு கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்தார். பிரேக் கொன்ட்ரோலர். இது பிக்கப்பில் இல்லாவிட்டால் டிரெயிலரின் பிரேக் பிடிக்காது என்று இரண்டு தரம் சொன்னார்.

என்னுடைய லொறியில் காற்றுக் குழாயைக் கொழுவினால் சரி. நான் மிதிக்க, பின்னால் வருவதும் சேர்ந்து பிடிக்கும். இதிலும் வயரைக் கொழுவினால் போதும் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் சந்தேகமாகத்தான் இருந்தது. சிசிலிக்கு முன்னால் கேட்க வெட்கம்.

"அண்ணன், அவர் ரெண்டு தரம் சொல்றாரே. போடுவமா?"

"உது ஆக்களை ஏமாத்துற வேலை பிள்ளை. எத்தினை வருசமா இழுக்கிறன், எனக்குத் தெரியாதே?"

அவள் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

திருநாளன்று காலை அவள் ஓட்ட, நான் பக்கத்தில் இருந்தேன். கோட்-டெ-நேஜ் வீதி இறக்கத்தில் சிவப்பு விளக்கு விழுந்தது. அவள் மிதித்தாள். பிக்கப் பிடித்தது, டிரெயிலர் பிடிக்கவில்லை. எங்களைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வந்தது. முன்னால் ஒரு பெண் தள்ளுவண்டியில் குழந்தையோடு வீதியைக் கடந்துகொண்டிருந்தாள். சிசிலி "மாதாவே!" என்று கத்திக்கொண்டு ஸ்டியரிங்கை வெட்டினாள். டிரெயிலர் விளக்குக் கம்பத்தில் அடிபட்டு நின்றது. தள்ளுவண்டிக்கும் எங்களுக்கும் இடையில் ஒரு முழம்தான் இருந்தது. குழந்தைக்கு ஒன்றுமில்லை. அந்தத் தாய்தான் நடு வீதியில் நின்று கதறி அழுதாள்.

கொன்ட்ரோலர் ஏன் பூட்டவில்லை என்று பொலிஸ்காரர் கேட்டார். சிசிலி முந்திக்கொண்டாள். கடையில் சொன்னார்கள், பூட்ட இன்னொரு நாள் ஆகும் என்பதால் அவசரத்தில் தானே வேண்டாமென்று விட்டதாகத் தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பி, மெதுவாக, "உங்கட பேர் வந்தா லைசென்ஸுக்குக் கரைச்சல் அண்ணன். நீங்க பேசாம இருங்க" என்றாள்.

ஓட்டியது நான் இல்லை. என் லைசென்ஸுக்கு ஒரு மண்ணும் வராது. அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டேதான் பேசாமல் நின்றேன்.

கதை பரவியது. "தன்ர அவசரத்துக்கு ஒரு பச்சைப்பிள்ளையைக் கொல்லப் பாத்தவ" என்று ஆட்கள் பேசினார்கள். இனி அவளுக்குக் கடை போட இடமில்லை என்று கோயில் சபையும் முடிவெடுத்தது. அவளுக்காகப் பேச வேண்டிய நான் மேல்வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன். படியில் கண்டால் அவள் எப்போதும் போல "சாப்பிட்டீங்களா அண்ணன்?" என்பாள். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

இரண்டு கிழமை கழித்து, டிரெயிலரின் நசுங்கிய பக்கத்தைக் கழற்ற அவளுக்கு உதவிக்கொண்டு நின்றேன். வினோஜன் வந்தான். கோயில் சபையில் இருப்பவன். அவன் சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள்.

"அண்ணை, நான் காம்பிங் டிரெயிலர் ஒண்டு வாங்கப்போறன். ஹிட்ச் பாக்க நீங்கள் ஒருக்கா வரவேணும். அந்தப் பெட்டியைப் போடச்சொல்லி நீங்கள் சொல்லியும் அக்கா கேக்கேல்லையாம். நான் கேப்பன்."

சிசிலி குறடும் கையுமாக நின்றாள். சொல்லிவிட்டேன்.

"அவவில பிழை இல்லை. அந்தப் பெட்டி வேண்டாமெண்டது நான்தான்."

வினோஜன் சிரித்துக்கொண்டு என் தோளில் தட்டினான். "உங்களுக்குப் பெரிய மனசு அண்ணை. அவவின்ர பழியை நீங்கள் ஏன் சுமக்கிறியள்?"

சிசிலி என்னையே பார்த்தாள். இன்னொரு தரம் சொல்லுங்கள் அண்ணன் என்று கேட்கிற பார்வை. இன்னும் ஒரு வசனம், கொஞ்சம் உரத்து, போதும். அவளுக்குத் திரும்ப இடம் கிடைத்திருக்கும். ஆனால் பெரிய மனசு என்று அவன் சொன்னது எனக்கு இனித்தது. வெட்கங்கெட்டவன், எனக்கு இனித்தது.

"அப்ப எப்ப அண்ணை போவம்?" என்றான் வினோஜன்.

"சனிக்கிழமை காலமை வாறன்" என்றேன்.