காற்றுக்குப் பன்னிரண்டு சாவி

என் வீட்டுக்காரர் திறக்காத பூட்டு கிடையாது. அலமாரியோ, இரும்புப் பெட்டியோ, கார் கதவோ, காதை வைத்துக் கேட்டு, கம்பியை நுழைத்து, டீ ஆறுவதற்குள் திறந்துவிடுவார். திறக்காதது அவர் வாய் ஒன்றுதான். கல்யாணமான புதிதில் அமைதியான மனுஷன் என்று நினைத்து ஏமாந்துபோனேன்.

எங்கள் கடை ஒரே அறை. முன்பக்கம் அவருடைய சாவி வெட்டும் மிஷின், பின்பக்கம் என் தையல் மிஷின். அவர் பூட்டுத் திறக்க வெளியே போனால் சாவி வெட்டுவதும் நான்தான். தொல்லை என்னவென்றால் பித்தளைத் தூள். சாவி வெட்டும்போது பறக்கிற தூளுக்கு உட்கார வேறு இடமே கிடையாது, நேராக என் துணிகளுக்குத்தான் வரும். ஒரு பல் டாக்டரின் வெள்ளைக் கோட்டுக்குப் பொத்தான் வைத்துக் கொடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டு அவர் விளக்கடியில் குனிந்ததும், வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்த நோயாளி, "என்ன டாக்டர், மின்னுறீங்க?" என்று கேட்டாராம். அந்த டாக்டர் அதோடு என் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

அதனால் பக்கத்துக் கடை காலியானதும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. எனக்கென்று ஒரு கதவு, எனக்கென்று ஒரு பெயர்ப்பலகை, தூள் இல்லாத காற்று. கட்டடக்காரம்மா கறாராகச் சொன்னார்: "வெள்ளிக்கிழமைக்குள்ள முன்பணம் வரணும். இல்லன்னா ஜெராக்ஸ் கடைக்காரர் கேட்டுக்கிட்டே இருக்கார், அவருக்குக் கொடுத்துடுவேன்."

முன்பணத்துக்கு நான் பயப்படவில்லை. ஜிப் மாற்றியும் பேண்ட் மடித்துத் தைத்தும் சேர்த்த பணம் இருந்தது. வங்கி வரிசையில் நிற்க எனக்கு நேரமில்லாததால் மாதாமாதம் வீட்டுக்காரரிடம்தான் கொடுத்துப் போடச் சொல்லியிருந்தேன்.

"ஏங்க, பேங்க்ல இருந்து பணத்தை எடுத்துட்டு வந்துடுங்க" என்றேன்.

அவர் மேசையிலிருந்த ஒரு பூட்டை எடுத்து எண்ணெய் விட ஆரம்பித்தார். அது பெட்டியிலிருந்து பிரிக்கவே பிரிக்காத புதுப் பூட்டு.

"பேங்க்ல இல்ல" என்றார்.

"பின்ன எங்க இருக்கு?"

"டிஜிட்டல் காசா இருக்கு, கிரிப்டோங்கறாங்களே, அது. உன் தம்பிதான் வாங்கச் சொன்னான்."

"எந்தப் பெட்டில வெச்சிருக்கீங்க?"

"பெட்டில எல்லாம் இல்ல. அது வந்து... எங்கயும் இல்ல. ஆனா இருக்கு. பொறு, ஏறும்."

அன்றைக்கு நான் கத்திய கத்தலில் எதிர்ச் சாரியில் இருந்த மருந்துக் கடைக்காரர் ரேடியோவை அணைத்துவிட்டார். பணம் போனதுகூடப் பரவாயில்லை. என் பணம் எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது, மாதாமாதம் நான் கொடுக்கும்போது இந்த மனுஷன் முகம் மாறாமல் வாங்கியிருக்கிறார். அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

தம்பியைக் கூப்பிட்டேன். செல்போன் ரிப்பேர் கடையில் வேலை செய்கிறான். உலகத்தில் எதைப் பற்றிக் கேட்டாலும் அவனுக்குத் தெரியும், அவன் வேலையைத் தவிர.

"அக்கா, நோட்டு மட்டும் என்ன? காகிதம்தானே? எல்லாரும் நம்பறதால செல்லுது. இதுவும் அப்படித்தான்."

"இதை யாருடா நம்பறா?"

"மாமா நம்பறாரே."

"இதைக் கொண்டுபோய்க் கடையில கால் கிலோ வெங்காயம் வாங்க முடியுமா?"

"வெங்காயம் வாங்கற காசு இல்லக்கா இது. வாங்கி வெச்சுக்கற காசு."

வாங்குவதற்கே உதவாத காசை நான் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். "அதை வித்து நோட்டா மாத்துடா, அது போதும்" என்றேன்.

அவன் வீட்டுக்காரர் போனில் இருந்த பழைய ஆப்பைச் சுத்தமாக அழித்து, புதிதாக ஏற்றி, ஏதோ பெரிய ஆபரேஷன் செய்வதுபோல் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "கணக்கைத் திரும்பத் திறக்கணும்னா, வாங்கும்போது கொடுத்தாங்களே, அந்தப் பன்னிரண்டு சொல்லைச் சொல்லுங்க மாமா. வரிசை மாறக்கூடாது. அதுதான் இதோட சாவி."

சாவி என்றதும் என் வீட்டுக்காரர் நிமிர்ந்தார். வருஷக்கணக்கில் அந்த முகத்தில் அவ்வளவு பெருமையை நான் பார்த்ததில்லை. "எல்லாரும் இதைக் காகிதத்துல எழுதி வெச்சுத் தொலைக்கறாங்க. நான் யாரு? பூட்டுக்காரன். வெட்டாத சாவி பன்னிரண்டு எடுத்து, ஒவ்வொரு சாவித் தலையிலயும் ஒரு நம்பர், ஒரு சொல்லு, உளி வெச்சு அடிச்சிருக்கேன். நெருப்புல வேகாது, தண்ணியில கரையாது. சுவத்துல ஆயிரம் சாவிக்கு நடுவுல தொங்குது. எவன் கண்டுபிடிப்பான்?"

எழுந்து போய், கடைசி வரிசையில் மூலைக் கொக்கியில் கையை வைத்தார். கொக்கி வெறுமையாக இருந்தது.

"இது பழைய அலமாரிச் சாவி. இந்த மாடலை யாருமே கேக்க மாட்டாங்களே!"

எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. பெண்கள் விடுதி வார்டனம்மா வந்திருந்தார். பன்னிரண்டு அலமாரிக்கும் மாற்றுச் சாவி கேட்டார். இவர் வெளியே போயிருந்தார். பன்னிரண்டும் ஒரே கொக்கியில் கிடைத்ததே என்று குஷியாக வெட்டிக் கொடுத்தேன். சாவித் தலையில் 'குடை' என்றும் 'ஏணி' என்றும் இங்கிலீஷில் இருந்ததைப் பார்த்தேன்தான். கம்பெனிப் பெயராக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அந்தச் சாவி வெட்டின கூலியையும் இவரிடமே கொடுத்து வங்கியில் போடச் சொன்னேன் என்பதுதான் இதில் உச்சம்.

"வித்துட்டியா?" என்றார்.

"நீங்க சொல்லியிருந்தா விப்பேனா?" என்றேன்.

மூன்று பேரும் விடுதிக்கு ஓடினோம். வார்டனம்மா நல்ல மனுஷி. பெண்கள் வேலை முடிந்து திரும்பும் நேரம் பார்த்து எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்தார். ஒரு நர்ஸ் 'ஏணி'யை நீட்டினாள். பள்ளிக்கூட டீச்சர் 'குடை'யைக் காட்டினாள். வீட்டுக்காரருக்கு ஞாபகம் இருந்த ஒரே சொல் 'வெங்காயம்', அது யாரிடம் இருக்கிறது என்று தம்பி சத்தம் போட்டுக் கேட்க, மாடியிலிருந்து ஒரு பெண் "எங்கிட்ட" என்று குளிக்கப் போன துண்டோடு இறங்கி வந்தாள். வெங்காயம் கிடைத்துவிட்டது என்று என் வீட்டுக்காரர் கண்கலங்கியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அப்படியே பதினொன்று சேர்ந்துவிட்டது.

ஏழாம் நம்பர் மட்டும் வரவில்லை. அது ஒரு பேங்க் கேஷியரிடம் இருந்தது. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, எங்களைக் கள்ள நோட்டைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"டிஜிட்டல் காசா? அதெல்லாம் வெறும் காத்து. அதுக்கு மதிப்பே கிடையாது. இருபது வருஷமா பணத்தைத் தொட்டு வேலை பாக்கறவ சொல்றேன்."

"காத்தாவே இருக்கட்டும் மேடம். சாவித் தலையில என்ன சொல்லு இருக்குன்னு மட்டும் காட்டுங்க" என்றேன்.

"காட்டறேன். பாதி எனக்கு."

"மதிப்பே இல்லன்னு இப்பத்தானே சொன்னீங்க?"

"அதனாலதான் கேக்கறேன். இல்லாததுல பாதிதானே? கொடுக்கறதுக்கு என்ன கஷ்டம்?"

இத்தனை வருஷத்தில் என்னை வாயடைக்க வைத்தவள் அவள் ஒருத்திதான். சாவியைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள்.

தம்பி விடவில்லை. "மொத்தமே ரெண்டாயிரம் சொல்தான்க்கா. ஒவ்வொண்ணா போட்டுப் பாத்துடறேன்" என்று உட்கார்ந்தான். மறுநாள் சாயங்காலம் வரைக்கும் முதல் எழுத்தைத் தாண்டவில்லை. நடுவில் இரண்டு முறை ஏதோ திறந்தது. இரண்டும் யாரும் காசே போடாத வெறும் கணக்கு. அதற்கும் என் வீட்டுக்காரர், "பொறு" என்றார். நான் கத்தரிக்கோலை எடுத்ததைப் பார்த்து 'ஏறும்' என்பதை விழுங்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. ஜெராக்ஸ் கடைக்காரர் டேப்போடு வந்து பக்கத்துக் கடையை அளந்துகொண்டிருந்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. என் தையல் மிஷின் நிற்கவேண்டிய இடத்தில் அவர் குனிந்து அளக்கிறார்.

அப்போது தெருக்கோடியில் கேஷியர் வந்தாள். நைட்டியும் ரப்பர் செருப்புமாக, தலைகூடச் சீவாமல், அரை ஓட்டமாக வந்தாள்.

"உங்க வீட்டுக்காரர் இருக்காரா? என் அலமாரியைத் திறக்கணும். சீக்கிரம்!"

"சாவி?"

அவள் தரையைப் பார்த்தாள். "உள்ள இருக்கு."

விஷயம் இதுதான். சாவிக்குள் பெரிய சொத்து இருக்கிறது என்று தெரிந்ததும் அவளுக்குத் தூக்கம் போய்விட்டது. தலையணைக்கு அடியில் வைத்தாள், நம்பிக்கை வரவில்லை. செருப்புக்குள் வைத்தாள், மனசு கேட்கவில்லை. கடைசியில் அலமாரியின் உள்ளறையில் பத்திரமாக வைத்துக் கதவைத் தள்ளிச் சாத்தினாள். தள்ளினால் தானே பூட்டிக்கொள்கிற அலமாரி அது. ஆபீஸ் உடுப்பு, கைப்பை, போன், பேங்க் சாவிக்கொத்து, அலமாரியின் அசல் சாவி எல்லாம் உள்ளே. இவள் வெளியே.

வீட்டுக்காரர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"கூலி பேசிடலாம் மேடம்."

"எவ்வளவு வேணாலும் தரேன்மா."

"எவ்வளவெல்லாம் வேண்டாம். பாதி போதும்."

"எதுல பாதி?"

"அலமாரிக்குள்ள இருக்கறதுல."

அவள் கண்ணாடிக்குள் கண் அகலமாகத் திறந்தது. பேங்க் திறக்கும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. என்னை முறைத்தாள். பிறகு பெருமூச்சு விட்டு, "சாவியைக் காட்டறேன், வாங்க" என்றாள்.

வீட்டுக்காரர் காதை வைத்தார், கம்பியை நுழைத்தார், கதவு திறந்தது. கேஷியர் கைக்குட்டையைப் பிரித்து சாவியை என் கையில் வைத்தாள். ஏழாம் நம்பர். 'கழுதை.' நான் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன்.

தம்பி பன்னிரண்டையும் போட்டான். திறந்தது. எண்கள் வந்தன. நான் கொடுத்த பணம் இருந்தது, மேலே ஒரு பெயர்ப்பலகைக்கு ஆகும் அளவு கூட இருந்தது.

"போன மாசம் வித்திருந்தா மூணு மடங்கு மாமா!" என்று தம்பி தலையில் கை வைத்தான்.

"பொறு" என்று ஆரம்பித்தார் வீட்டுக்காரர். "இன்னும் கொஞ்சம்..."

"விக்கறீங்களா, இல்ல சுவத்துல இருக்கற எல்லாச் சாவியையும் நான் விக்கட்டுமா?" என்றேன். விற்றார். எவனோ, எந்த ஊரிலேயோ, நம்பி வாங்கிக்கொண்டான். அவன் நன்றாக இருக்கட்டும்.

மதியம் பேங்க்கில் பணம் எடுக்க நின்றபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதே கேஷியர், இப்போது தலை சீவி, ஆபீஸ் உடுப்பில். ஒவ்வொரு நோட்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத்தான் கொடுத்தாள். கட்டடக்காரம்மா கையில் பணம் போனதும் ஜெராக்ஸ் கடைக்காரர் டேப்பைச் சுருட்டிக்கொண்டு போனார்.

இப்போது என் கடைக்குத் தனிக் கதவு, தனிப் பலகை. துணியில் தூள் இல்லை. பல் டாக்டர்கூடத் திரும்பி வந்துவிட்டார். பூட்டை நானே வாங்கி, நானே மாட்டி, சாவியும் நானே வெட்டினேன். ஒன்றே ஒன்று.

நேற்று வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றார். பையிலிருந்து வெட்டாத சாவி ஒன்றை எடுத்து நீட்டினார். "எனக்கும் ஒண்ணு வெட்டிக் கொடேன். அவசரத்துக்கு இருக்கட்டும்" என்றார். கேட்கும்போது முகம் பாவமாகத்தான் இருந்தது. எனக்குக்கூட ஒரு நிமிஷம் மனசு இளகியது.

அந்தச் சாவியை வாங்கி மேசை டிராயரில் போட்டேன்.

"பொறுங்க" என்றேன். "ஏறும்."