மெலூரின் ஆரஞ்சு விளக்கு

மெலூர் வண்டி வைத்திருப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் சண்டைக்குப் பஞ்சமே கிடையாது. ஒருவர், "வாங்கினதிலேருந்து பேட்டரி தவிர ஒன்னும் மாத்தல" என்று மார்தட்டுவார். அந்த மெசேஜின் சூடு ஆறுவதற்குள் இன்னொருவர், "எனக்கு ஏர்கோன் மூனு தடவ போச்சு, இது காரா, வெதுப்புற அடுப்பா?" என்று பாய்வார். கதவைச் சாத்தினால் பிஸ்கட் டின்னை மூடுவது போலச் சத்தம் வருகிறது என்று ஒருத்தி அழுதாள். "பிஸ்கட் வெலைக்கு வாங்கிட்டு பீரோ சத்தம் கேட்டா எப்படி லா?" என்று பதில் வந்தது. அன்று முழுக்கக் குழுவில் ஒரே சிரிப்பு.

அமுதவள்ளி ஒன்று விடாமல் படிப்பாள். ஆனால் ஒரு வரி எழுத மாட்டாள். எழுதினால் அந்த ஆரஞ்சு விளக்கைப் பற்றி எழுத வேண்டும். எழுதினால் அது எப்படியும் அண்ணன் காதுக்குப் போய்விடும். மலேசியாவின் இந்தக் கிள்ளான் ஊரில் எந்தச் செய்தியும் வீட்டுக்குள் அடங்கிக் கிடந்ததாகச் சரித்திரம் இல்லை.

அவளுக்குக் கல்யாணப் பெண்களை அலங்கரிக்கும் தொழில். சேலை கட்டுவது, சடை தைப்பது, முகப்பூச்சு எல்லாம் அவள் கைதான். முகூர்த்தம் விடியற்காலையில் என்றால் அவள் அதற்கும் முன்னே மண்டபத்தில் நிற்க வேண்டும். கணவன் கன்னையா இருந்தவரை அவன்தான் அழைத்துப் போவான். அவன் மாரடைப்பில் போன பிறகு, வாடகைக் காரை நம்பி ஒரு முறை தாமதமாகிவிட்டது. மணமேடையில் ஐயர் கடிகாரத்தைப் பார்க்க, மணப்பெண் அரைச் சடையோடு அழ, அமுதவள்ளி வாசலில் இறங்கியபோது எல்லோரும் பார்த்த பார்வை இருக்கிறதே! மறு மாதமே வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனாள். ஐம்பது வயதுக்கு மேல் லைசென்ஸ் எடுத்து, இருப்பதிலேயே மலிவாகக் கிடைத்த சின்ன மெலூரை வாங்கினாள். மெலூர் என்றால் மலாயில் மல்லிகை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் சேலைக் கடை வைத்திருக்கும் அவள் சிநேகிதி வாணி அதே வண்டியைத்தான் ஓட்டினாள். "நம்பி வாங்குக்கா, எனக்கு ஒரு தொல்லையும் கொடுத்ததில்ல" என்று சொன்னவளும் அவள்தான்.

அண்ணன் சோமசுந்தரத்துக்கு அது பிடிக்கவே இல்லை. அவர் லோரி வைத்துத் தொழில் செய்கிறவர். கப்பல் மாதிரி ஒரு வெளிநாட்டுக் கார் வைத்திருக்கிறார். அதைவிடச் சிறியதாக எது ஓடினாலும் அவர் கணக்கில் பொம்மைதான். தங்கச்சி தனியாக இருட்டில் ஹைவேயில் போவதுதான் அவருக்குப் பயம். அதை அப்படியே சொல்லத் தெரியாது. காரைத் திட்டத்தான் தெரியும்.

"இந்த டப்பா உன்ன என்னிக்காச்சும் நடு ரோட்டுல விட்டுரும் அமுதா. அதுல ஒரு கோளாறு வந்துச்சு, அன்னிக்கே வித்துரணும். அப்புறம் நான் பாத்துக்கிறேன். கிள்ளானுக்குள்ள இருக்கிற வேலைக்கு நானே கொண்டு போய் விடுறேன். பந்திங்கு கிந்திங்குன்னு வெளியூர் எல்லாம் வேணாம். சரியா? சாமி முன்னால சொல்லு."

புது வண்டிக்குப் பூசை போட்ட அன்று, கோயில் வாசலிலேயே அவள் சரி என்று தலையாட்டிவிட்டாள். வண்டியின் மேல் அவளுக்கு அத்தனை நம்பிக்கை.

தலையாட்டியது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்பது அடுத்த வாரமே தெரிந்தது. பந்திங் போகும் வழியில் 'டிங்' என்றது. மீட்டரில் ஒரு ஆரஞ்சு விளக்கு. வண்டி நிற்கவில்லை, இருமவில்லை, நன்றாகத்தான் ஓடியது. ஆனால் விளக்கு மட்டும் அவளை முறைத்துக்கொண்டே வந்தது. கையேட்டில் தேடினால், 'சர்வீஸ் சென்டரை அணுகவும்' என்று ஒரே வரி.

அணுகினாள். அங்கே முகுந்தன் என்ற பையன் "உக்காருங்க ஆன்டி" என்று காப்பி கொடுத்தான். வண்டியைப் பளபளவென்று கழுவி உள்ளே கொண்டுபோய், கணினியை மாட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.

"ஒன்னுமே இல்ல ஆன்டி. வெளக்கும் எரியல."

"எரிஞ்சுச்சு தம்பி. நான் கண்ணால பாத்தேன்."

"சில சமயம் அப்படித்தான் காட்டும் லா. மறுபடி வந்தா கொண்டாங்க."

மறுபடி வந்தது. கொண்டுபோனாள். கழுவிப் பார்த்தார்கள். எரியவில்லை. மூன்றாவது முறை போனபோது முகுந்தன் காப்பியோடு கேக்கும் கொடுத்தான். கிழவிக்குப் பொழுது போகவில்லை என்று நினைத்துவிட்டான் போலும். அதற்குப் பிறகு அவள் அங்கே போகவில்லை. விளக்கு எரியும் நாளில் கைக்குட்டையை மடித்து மீட்டரின் அந்த மூலையில் சொருகிவிடுவாள். விளக்கை மறைத்துவிடலாம், பயத்தை என்ன செய்வது? ஒவ்வொரு சனிக்கிழமைக் கல்யாணத்துக்கும் பயந்து பயந்துதான் ஓட்டினாள்.

இதற்கிடையில் வெள்ளிக்கிழமை தவறாது. மாலையில் கோயிலுக்குப் போவாள், அண்ணனும் வருவார். அர்ச்சனை முடிந்ததும் சந்தனத்தைக் குழைத்து எடுத்துக்கொண்டு நேராக மெலூரிடம் போவார். வண்டி பிடிக்காது, ஆனால் வண்டிக்குப் பொட்டு வைப்பதை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். முன் கண்ணாடியின் உச்சியில், நட்டநடுவில், நெற்றிக்கு வைப்பது போல ஒரு பெரிய சந்தனப் பொட்டு, அதன் மேல் தாராளமாகக் குங்குமம். "என் தங்கச்சிய பத்திரமா கொண்டு வா" என்று முணுமுணுப்பார். பக்கத்தில் நிற்கும் தங்கச்சியின் நெற்றியில் வெறும் திருநீறுதான் இருக்கும். கன்னையா போன நாளிலிருந்து அப்படித்தான். வைக்காதே என்று யாரும் சொல்லவில்லை, வை என்றும் யாரும் சொல்லவில்லை. கல்யாணங்களிலும் எல்லா அலங்காரமும் முடித்து, பொட்டை மட்டும் பெண்ணின் தாயார் கையில் கொடுத்துவிட்டு அவள் ஒதுங்கிக்கொள்வாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, கோயிலுக்குப் பக்கத்தில் எவனோ ஒருவன் மெலூருக்குப் பின்னால் காரைக் குறுக்கே நிறுத்திவிட்டுப் போயிருந்தான். கொஞ்சம் முன்னும் பின்னும் நகர்த்தினால்தான் எடுக்க முடியும். "நீ எறங்கு, உனக்கு வராது" என்று அண்ணன் ஏறி உட்கார்ந்தார். கிளப்பி, இப்படியும் அப்படியும் ஒடித்துக்கொண்டிருந்தவர், மீட்டரில் சொருகியிருந்த கைக்குட்டை இடைஞ்சலாக இருக்கிறதே என்று உருவினார். 'டிங்.'

அமுதவள்ளி ஜன்னலோரம் ஓடி வந்தாள். ஆரஞ்சு விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

"இது எத்தன நாளா?"

"வாங்கினதிலேருந்துண்ணே." பொய் சொல்ல வாய் வரவில்லை.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. வண்டியை நிறுத்தி இறங்கி, சாவியை அவள் கையில் வைத்தார். "என்கிட்ட மறைச்சிட்ட. நாளைக்கு பந்திங் கல்யாணம் ஒத்துக்கிட்ட, அது பொண்ணு வீட்டு விசயம், கெடுக்கக் கூடாது. நானும் கூட வரேன். இதுலயே வரேன். நின்னுச்சுன்னா எறங்கித் தள்ளுறதுக்கு ஆள் வேணும்ல? திரும்பி வந்ததும் வித்துருவோம்."

மறுநாள் விடிவதற்கு முன்பே கிளம்பினார்கள். மெலூரில் சோமசுந்தரம் பயணம் செய்வது அதுதான் முதல் தடவை. முழங்கால் டேஷ்போர்டில் இடிக்க, ஒரு கை மேல்பிடியைப் பிடிக்க, அவள் பிரேக் போடும் போதெல்லாம் அவரும் தரையை மிதித்துக்கொண்டு வந்தார். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே வண்டி ஒரே சீராகப் போனது. விளக்கும் ஒரே சீராக எரிந்தது. அண்ணன் அதைப் பார்ப்பார், அவளைப் பார்ப்பார், பெருமூச்சு விடுவார். இதுதான் தன் கடைசி ஓட்டம் என்று நினைத்துக்கொண்டாள். கன்னையா போன பிறகு அவள் தானாகச் செய்த ஒரே காரியம் இந்த வண்டிதான். இதுவும் போனால், பிறகு அண்ணன் கூட்டிப் போகும் இடம்தான் அவள் உலகம்.

மண்டபத்தில் வேலை தொடங்கியதும் எல்லாம் மறந்தது. சேலை மடிப்பு விழுந்த விதம் அவளுக்கே திருப்தியாக இருந்தது. கடைசியில் பெண்ணின் அம்மா ரமணியிடம் குங்குமச் சிமிழைக் கொடுத்து விலகி நின்றாள். ரமணிக்கோ சந்தோஷத்தில் கை நடுங்கியது. வைத்த பொட்டு இறங்கிப் போய் இமையோரம் சிந்தியது. "அய்யோ, கண்ணு தெரியலம்மா" என்று பெண் சிணுங்கினாள். அமுதவள்ளி பஞ்சை நனைத்துத் துடைத்துவிட்டாள்.

வெளியே ஒரு பாட்டம் மழை பெய்து ஓய்ந்திருந்தது. சாப்பாடு முடித்து அண்ணனும் தங்கையும் வண்டியில் ஏறினார்கள். அவள் கிளப்பினாள். விளக்கு எரியவில்லை.

"பாத்தியா, இப்ப ஒளிஞ்சுக்கிச்சு. கள்ளன் மாதிரி" என்றார் அண்ணன்.

அமுதவள்ளி கியரில் வைத்த கையை எடுத்தாள். மழைக்குப் பிறகு எரியவில்லை. சர்வீஸில் கழுவினால் எரியவில்லை. வெள்ளிக்கிழமை கோயிலை விட்டுக் கிளம்பினால் எரிகிறது. இத்தனை நாளும் இந்த மூன்றையும் அவள் சேர்த்துப் பார்த்ததே இல்லை. கீழே இறங்கி வண்டிக்கு முன்னால் போய், மணப்பெண்ணைப் பார்ப்பது போலச் சற்றுத் தள்ளி நின்று நேருக்கு நேர் பார்த்தாள். கண்ணாடியின் உச்சியில் சந்தனம் கரைந்து ஒழுகிய தடம். அதற்கு நேர் பின்னால், உள்ளே, கறுப்பாக ஒரு சின்ன வட்டம். முன்னால் வருவதைப் பார்த்து எச்சரிக்கிற கேமரா. விற்கும்போது அதைக் காட்டித்தானே பெருமை பேசினார்கள்!

"என்ன, டயர் போச்சா?" என்று அண்ணன் தலையை நீட்டினார்.

அவள் பின்னாலிருந்த அலங்காரப் பெட்டியைத் திறந்தாள். சந்தனத்தைக் குழைத்து, அண்ணன் வைப்பது போலவே பெரிதாக, அதே இடத்தில் வைத்தாள். மண்டபத்தைச் சுற்றி ஒரு வட்டம் ஓட்டினாள். 'டிங்.' இறங்கி ஈரத் துணியால் துடைத்துவிட்டு, மறுபடி கிளப்பி இன்னொரு வட்டம் வந்தாள். விளக்கைக் காணோம். வாசலில் நின்ற கல்யாண வீட்டுக்காரர்கள், இந்த அம்மாவுக்கு என்ன ஆச்சு என்று வேடிக்கை பார்த்தார்கள்.

சோமசுந்தரம் உள்ளிருந்தே அந்தக் கறுப்பு வட்டத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"அப்ப... நான்தானா?"

"நீங்க வச்சது அதோட கண்ணுல விழுந்திருச்சுண்ணே. வண்டியில ஒன்னும் இல்ல."

"நீ பத்திரமா போகணும்னுதானே வச்சேன்." அந்தப் பெரிய உருவம் அந்தச் சின்ன சீட்டில் இன்னும் சுருங்கிப் போனது. "நீ போற ஒவ்வொரு சனிக்கிழமையும் எனக்குத் தூக்கம் வராது அமுதா. வேற என்ன செய்யிறதுன்னு தெரியல. அதான்..."

அவருக்குக் கண் கலங்கியிருந்தது. இத்தனை நாள் திட்டியதெல்லாம் இதைச் சொல்லத் தெரியாமல்தான் என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் அவர் வாயால் கேட்டபோது அவளுக்கும் கண் நிறைந்துவிட்டது.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவர் கேட்டார், "இனிமே வெள்ளிக்கிழமை நான் எங்க வைக்கிறது? பானெட்லயா?"

அமுதவள்ளி பெட்டியிலிருந்த குங்குமச் சிமிழை எடுத்துத் திறந்து அவரிடம் நீட்டினாள். நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கிக்கொண்டாள்.

"வண்டிக்கு வேணாம்ணே. எனக்கு வச்சு விடுங்க."

அவர் சிமிழைப் பார்த்தார். வாசலில் நிற்கிறவர்களைப் பார்த்தார். விரலைக் குங்குமத்தில் தொட்டவர், பாதி வழியில் நிறுத்தினார். அவள் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். பிறகு திருநீற்றுக்குக் கீழே, நடுவில், அந்தத் தடித்த விரல் அழுந்தியது. கொஞ்சம் பெரிதாகத்தான் வைத்துவிட்டார்.

அவள் வண்டியை எடுத்தாள். பந்திங் தாண்டியது. அண்ணனின் கால் தரையை மிதிக்கவில்லை. செம்பனைத் தோட்டம் வந்ததும் அவர்தான் பேச்சை எடுத்தார்.

"அடுத்த வாரம் எங்க கல்யாணம்?"

"ஸ்ரீ கெம்பாங்கான்ல அண்ணே."

"ம். வெள்ளனவே கெளம்பிரு. போய்ச் சேந்ததும் எனக்கு ஒரு மெசேஜ் போடு."