எல்லோரும் ‘ஆகட்டுங்க’ என்ற கம்பெனி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, என்னிடம் கேட்டு வாங்கப்பட்டது. கோவை சிங்காநல்லூரில் போர்வெல் மோட்டார் செய்யும் கம்பெனியின் முதலாளி கிருபாசங்கர், இருபதாம் ஆண்டு விழா மலருக்கு ஒரு கதை வேண்டும் என்றார்.

“நம்ம விஷன் எல்லார் மனசுலயும் எறங்கோணுங்க. போர்டுல எழுதிப் பாத்தாச்சு, எறங்கலை.”

நான் நையாண்டி எழுதிப் பிழைப்பவன். முதலாளியே கூப்பிட்டு, உட்கார நாற்காலியும் குடிக்க டீயும் தந்து, தன் விஷனைப் பக்கத்தில் வந்து பாருங்கள் என்றால் விடுவேனா?

“ஆகட்டுங்க” என்றேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி: தொலைநோக்குப் பார்வை கொண்ட கிருபாசங்கர் அவர்கள்—

(வேண்டாம். தூரத்தில் இருப்பதெல்லாம் அவருக்கு நன்றாகவே தெரிகிறது. மூன்றாவது ஷெட்டில் நடப்பதுதான் தெரிவதில்லை.)

இரண்டாம் முயற்சி: கம்பெனி வாசலில் ஏழு வரியில், பொன்னெழுத்தில், ஒரு லட்சியம் தொங்குகிறது. திங்கட்கிழமைதோறும் காலை ஒன்பதேகாலுக்கு நூற்றிப்பத்துப் பேர் அதைச் சேர்ந்து படிக்கிறார்கள். வேகம் வருகிறது, தரம் வருகிறது, புதுமை வருகிறது, உலகம் இரண்டு முறை வருகிறது. மோட்டார் மட்டும் வரவில்லை.*

* இந்த ஏழு வரிகளை எழுதித் தந்த ஆலோசகர், எல்லோரையும் ஆனைகட்டிப் பக்கம் ஒரு ரிசார்ட்டுக்குக் கூட்டிப்போய், இடுப்பில் ஒரே கயிற்றைக் கட்டி ஒரே திசையில் நடக்கவிட்டாராம். நடந்தார்கள். அவிழ்த்தபிறகு எந்தப் பக்கம் போனார்கள் என்று அவர் அறிக்கையில் இல்லை.

இந்தத் தொடக்கம் எனக்குப் பிடித்திருந்தது. இப்படியே போயிருந்தால் நல்ல கிண்டலாக முடிந்திருக்கும். நடுவில் மதிவதனியைப் பார்த்துத் தொலைத்தேன்.

3

மதிவதனி, மூன்றாவது ஷெட்டில் இருக்கும் வைண்டிங் பிரிவின் சூப்பர்வைசர். மோட்டாருக்குள் காப்பர் வயர் சுற்றும் பதினாறு பெண்களுக்குப் பொறுப்பு. கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து இருப்பவர், வருகிற வெள்ளிக்கிழமையோடு நிற்கிறார். ராஜினாமாக் கடிதத்தில் ‘குடும்பச் சூழ்நிலை’ என்று எழுதியிருந்தார்.

“குடும்பத்துல ஏதும் பிரச்சினைங்களா?”

“ஒண்ணுமில்லீங்க. எல்லாரும் சௌரியமா இருக்கறாங்க.”

“அப்புறம்?”

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். “சுத்தி முடிச்சதைப் பன்னண்டு மணி நேரம் தண்ணில ஊறப்போட்டுச் செக் பண்ணோணுங்க. அப்பத்தான் எந்த ஜாயின்ட்டுல தண்ணி பூருதுன்னு மீட்டர்ல தெரியும். இப்ப நாலு மணி நேரத்துல எடுத்தர்றோம்.”

“யாரு சொன்னது?”

“யாரும் சொல்லலீங்க. டீலருக்கு மூணு நாள்ல குடுக்கோணும், நாலு மணி நேரத்துல சமாளிச்சரலாங்களான்னு ரசாக் பாய் கேட்டாங்க.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“ஆகட்டுங்கன்னேன்.”

போன மாதம் அன்னூரில் ஒரு தோட்டத்து மோட்டார் எட்டே மாதத்தில் பழுதாகி, குழியிலிருந்து மேலே வந்துவிட்டது. மதிவதனிதான் பிரித்தார். தண்ணீர் புகுந்த ஜாயின்ட் அவருடைய ஆட்கள் கட்டியது.

“அந்தப் புள்ளைக மேல தப்பில்லீங்க. பன்னண்டு மணி நேரம் போட்டிருந்தா இங்கயே தெரிஞ்சிருக்கும். இனி என் கையால இப்பிடி அனுப்ப முடியாதுங்க.”

“இதை முதலாளிகிட்டச் சொல்லலாமே?”

“அவிய கேக்கோணுமில்லீங்க? கேக்காமச் சொன்னா குத்தம் சொல்ற மாதிரி ஆயிராதுங்களா?”

4

சரி, கதைக்கு வில்லன் கிடைத்தார் என்று விற்பனை மேலாளர் ரசாக்கைத் தேடிப் போனேன். அவருக்கு அதற்குள் செய்தி போயிருந்தது.

“ஏனுங்க எழுத்தாளரே, என்னைய வில்லனா ஆக்கப் போறீங்களாமா? ஆக்குங்க. மீசை மட்டும் பெருசா வெச்சிராதீங்க, ஊட்டுல சேத்த மாட்டா.”

“மூணு நாள்ல டெலிவரின்னு டீலருங்க கிட்டச் சொன்னது நீங்கதானுங்களே?”

“போர்டுல மொத வார்த்தை என்னங்க? வேகம். நான் அதை நம்புனேன். அந்தம்மணி ரெண்டாவது வார்த்தையை நம்புச்சு. ஆகாதுங்க பாய்னு ஒரு சொல்லு சொல்லியிருந்தா பழையபடி ஒரு வாரம்னு சொல்லிருப்பேன். ஆகட்டுங்கன்னுபோட்டுப் போயிருச்சு. நான் சோசியமா பாக்கறேன்?”

வில்லன் கைவிட்டுப் போனார்.

(நிர்வாக நூல்கள் கருத்து வேறுபாட்டால் குழுக்கள் சிதறும் என்று அத்தியாயம் அத்தியாயமாக எச்சரிக்கின்றன. எங்கள் ஊருக்கு அந்த ஆபத்து இல்லை. நேருக்கு நேர் ‘முடியாது’ என்று சொல்வது, பந்தியில் உட்கார்ந்தவரைக் கைபிடித்து எழுப்புவது மாதிரி. ஆகவே நூற்றிப்பத்துப் பேரும் ஒத்துக்கொண்டே சிதறிக்கொண்டிருந்தார்கள்.)

5

மிச்சமிருந்தது கிருபாசங்கர். அவரை ஊதிப்போன பலூனாகத்தான் மனதில் வரைந்து வைத்திருந்தேன். அவர் செல்போனை எடுத்து ஒரு போட்டோ காட்டினார். சேற்றில் நனைந்து நிற்கும் மூன்று பேர். இளைத்த கிருபாசங்கர், முடி இருக்கிற ரசாக், இரட்டைப் பின்னல் மதிவதனி.

“மொத மோட்டாரு எறக்குன நாளுங்க. அப்ப விஷன்னா என்னன்னே தெரியாது. பத்து வருஷத்துக்கு இதை யாரும் மேல தூக்கக் கூடாதுன்னு மட்டும் சொன்னேன். தண்ணி வந்தப்ப மூணு பேரும் ஒரே பக்கம் பாத்துட்டு நின்னோம்.” போட்டோவை விரலால் பெரிதாக்கினார். அது மங்கியதுதான் மிச்சம். “அப்பிடி ஒருக்கா நிக்கோணுங்க. அதுக்குத்தான் போர்டு, கயிறு, உங்க கதை எல்லாமே.”

“மதிவதனி போறாங்களே?”

“குடும்பச் சூழ்நிலைன்னு எழுதியிருக்குதுங்க. அதுக்கு மேல தோண்டிக் கேக்கறது மரியாதையா?”

“அவங்க போறது உங்களுக்கு...”

அவர் போட்டோவைத் திரும்பச் சிறிதாக்கினார்.

காற்றடைத்ததை ஊசியால் குத்துவது என் தொழில். குத்துவதற்கு இங்கே காற்று இல்லை. வெறும் ஏக்கம். அதைக் குத்தினால் சத்தம்கூட வராது.

6

முடிவுகள்.

மலருக்கானது: மதிவதனி கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடிதத்தைக் கிழித்தெறிந்து, ஏழு வரிகளையும் பார்க்காமல் சொல்ல, நூற்றிப்பத்துப் பேரும்—

(மன்னியுங்கள்.)

என் வழக்கமான வாசகர்களுக்கானது: பிரிவு உபசார விழா. ஏழு வரிகளும் அச்சிட்ட சுவர்க்கடிகாரம் பரிசு. ரசாக் கைதட்டலைத் தொடங்கிவைக்கிறார்.

(எனக்கே சிரிப்பு வந்தது. மதிவதனி அதை வாங்கிக்கொண்டு ‘ரொம்ப நல்லாருக்குதுங்க’ என்பார் என்று நினைத்ததும் நின்றுவிட்டது.)

7

ஆகவே நடந்ததை எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை நான்கு மணி. முதலாளி அறையில், அரைகுறைக் கதையோடு நான் உட்கார்ந்திருக்கிறேன். மதிவதனி வந்து ஸ்டோர் சாவியை மேசைமேல் வைக்கிறார்.

“உக்காருங்க அம்மணி. டீ சாப்புட்டுப் போலாம்.”

“இருக்கட்டுங்க சார்.”

“அட, உக்காருங்க.”

உட்கார்ந்தார். டீ வந்தது. இருவரும் டம்ளரையே பார்த்துக் குடித்தார்கள்.

“பஸ்ஸுக்கு நேரமாயிருச்சுங்களா?”

“இன்னும் இருக்குதுங்க.”

“ஊட்டுல எல்லாம்...”

“சௌரியங்க.”

கிருபாசங்கர் சாவியைக் கையில் எடுத்தார். வைத்தார். திரும்பவும் எடுத்தார்.

“வைண்டிங்ல எல்லாஞ் செரியா இருக்குதுங்களா, அம்மணி?”

கேட்டேவிட்டார். கேட்க வேண்டிய கேள்வி இதுவல்ல, அதற்குப் பக்கத்து வீட்டுக் கேள்வி. ஆனாலும் கதவைத் தட்டிவிட்டார். மதிவதனி நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கிறார். வாய் திறக்கிறது.

அவர்களுடைய இருபது வருடப் பழக்கத்தில் அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். அதை எழுத மனம் வரவில்லை. வேறொன்றை எழுதினால் அது பொய். மூன்றாவது ஆளாக நான் வாயைத் திறந்திருக்கலாம். ஆனால் நானும் இந்த ஊர்க்காரன்தான்.

நீங்கள் எந்த ஊரோ தெரியாது. எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்து ‘செரியில்லீங்க’ என்று சொல்லத் தெரிந்த ஊர் என்றால், அறைக் கதவு சாத்தவில்லை. கொஞ்சம் வெரசா உள்ளே வாங்க.