வராத நாட்களின் பட்டியல்

“இந்தக் கிடாரத்தில் ஒரு நாளைக்கு எத்தனை பேருக்குச் சோறு போடுவீர்கள்?” என்று ஆரெலி ஒருமுறை என்னிடம் கேட்டார்.

பிரெஞ்சில்தான் கேட்டார். கேள்வி உண்மையில் மாமாவுக்கு. மாமா தொலைபேசியில் இருந்ததால் என் பக்கம் திரும்பிவிட்டது. எங்கள் சாப்பாட்டுக் கடைக்கு வருகிறவர்கள் என்னிடம் கேட்பது இரண்டே கேள்விகள்: கறி உறைக்குமா, கழிப்பறை எங்கே. ஒன்றுக்குத் தலையாலும் மற்றதற்குக் கையாலும் பதில் சொல்லலாம். இதற்கு வாயைத் திறக்க வேண்டியிருந்தது.

“செவ்வாயில் எண்பத்துநான்கு,” என்றேன். “வெள்ளியில் மரக்கறி மட்டும், நூற்றுப்பதினொன்று. பிள்ளையார் தேர் அன்று இருநூற்றாறு. அன்று இரண்டு தரம் வடித்தோம்.”

“எப்படி இவ்வளவு சரியாகத் தெரியும்?”

“தெரியும்,” என்றேன்.

கவுண்டருக்குக் கீழே, கடதாசிப் பைகளுக்கு அடியில் என் கொப்பி இருந்தது. அப்போது அது ஏழாவது கொப்பி. நான் படித்த லிசே பள்ளியில் எல்லோர் முன்னாலும் நின்று பத்து நிமிடம் பேச வேண்டும் என்று ஒருநாள் சொன்னார்கள். நான் அன்று போகவில்லை. மறுநாளும் போகவில்லை. மூன்று மாதம் கழித்து அம்மா என்னைத் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலுக்கு, மாமாவின் கடைக்கு அனுப்பினார். அங்கே பேச வேண்டியது குறைவு. மிச்சத்தை எழுதிவந்தேன்.

ஆரெலி ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறார். அவர் ஆராய்வது பிரமிட்டை அல்ல, அதைக் கட்டியவர்களின் சாப்பாட்டை. கீசாவில், பிரமிட்டுகளுக்குத் தெற்கே, அவர்கள் குடியிருந்த இடத்தைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். அடுப்புகள், மாட்டெலும்பு, பாண் சுட்ட மண்சட்டிகள். கல்லைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், சட்டியைப் பற்றி இன்னும் எழுத இடமிருக்கிறது என்றார். அத்தனை பேருக்கும் சமைக்க எத்தனை பேர் நின்றிருப்பார்கள் என்று கணக்கிட, பலருக்குச் சமைக்கும் பெருங்குசினி ஒன்றைப் பார்க்க வேண்டுமாம்.

அதற்குப் பிறகு வியாழன்தோறும் வந்தார். கிடாரத்தின் விட்டத்தை அளந்தார். தண்ணீர் கொதிக்கும் நேரத்தைக் குறித்தார். குசினியில் எங்கள் சமையல்காரர் கீர்த்தனன் அண்ணை அகப்பையோடு நின்று அவரையே பார்த்தார்.

“பிள்ளை, இவ ஆர்? சுகாதாரப் பகுதியோ?”

“இல்லை அண்ணை. எகிப்து.”

“எகிப்துச் சுகாதாரப் பகுதியோ?”

ஒருநாள் ஆரெலி பாண் கொண்டுவந்தார். பழைய சட்டியைப் போலவே மண்ணில் ஒரு சட்டி செய்து, பார்லியும் அந்தக் காலத்துக் கோதுமையும் கலந்து, தானே சுட்டது. பூந்தொட்டியைக் கவிழ்த்து எடுத்தது போல இருந்தது. கீர்த்தனன் அண்ணை ஒரு துண்டை வாயில் போட்டு நெடுநேரம் மென்றார்.

“இதைத் திண்டிட்டோ அவங்கள் அவ்வளவு கல்லையும் தூக்கினவங்கள்?”

“ஓம் அண்ணை.”

“கட்டி முடிய மிஞ்சின கல்லைச் சுட்டிருக்கிறாங்கள்.”

ஆரெலி என்னைப் பார்த்தார். “நன்றாக இருக்கிறதாம்,” என்று மொழிபெயர்த்தேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார்.

இன்னொரு வியாழன், தன் கைத்தொலைபேசியில் ஒரு படம் காட்டினார். சுண்ணாம்புக் கல் ஒன்றில் நெருக்கமாக எழுத்து. பிரமிட்டுக்கு ஆயிரத்துச் சொச்சம் வருடம் பிந்தி, அரசர்களுக்குக் கல்லறை குடைந்த வேலையாட்களின் வரவுப் பட்டியலாம். ஆளின் பெயர், அவன் வராத நாள் கறுப்பில். நாளுக்கு மேலே காரணம் சிவப்பில். தேள் கொட்டியது. கண் நோய். பியர் காய்ச்சினான். அம்மாவின் உடலுக்குத் துணி சுற்றினான்.

நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். என் கொப்பியிலும் நாள் கறுப்பு, காரணம் சிவப்பு. யாரும் சொல்லித்தந்ததல்ல. கடையில் இருந்தவை அந்த இரண்டு பேனைகள்தான்.

“பிரமிட்டைக் கட்டியவர்களுக்கும் இப்படி உண்டா?” என்று கேட்டேன். நானாக அவரிடம் கேட்ட முதல் கேள்வி.

“கல் ஏற்றிய படகுக்காரர்களின் நாட்குறிப்பு ஒன்று கிடைத்திருக்கிறது. ஆனால் மற்றவர்கள் கல்லில் எழுதியது குழுவின் பெயரை. ‘கூபுவின் நண்பர்கள்’ என்று. அரசரின் பெயர் அதில் இருக்கிறது. நண்பர்களின் பெயர் இல்லை.” பிறகு படத்தைக் காட்டிச் சொன்னார்: “இந்த ஆட்கள் இருந்தார்கள் என்பதற்கு, இவர்கள் வராத நாட்கள்தான் சாட்சி.”

கீர்த்தனன் அண்ணையின் பெயர் கீர்த்தனன் அல்ல. இது கடையில் எல்லோருக்கும் தெரியும், ஆனால் யாருக்கும் நினைவிருப்பதில்லை. அசல் கீர்த்தனன் மாமாவின் சிநேகிதர் மகன், பொண்டி என்ற புறநகரில் இருந்தவர், விசா உள்ளவர். அவர் லண்டனுக்குப் போய்விட்டார். அவருடைய அடையாள அட்டை இங்கே நின்று பாத்திரம் கழுவி, பிறகு சமையலுக்கு உயர்ந்தது. மூன்று வருடத்துக்கு முப்பத்தாறு சம்பளச் சீட்டு. முப்பத்தாறிலும் கீர்த்தனன்.

பெப்ரவரி முடிவில் ஒரு புதன்கிழமை அவர் கைகளைத் துடைத்துக்கொண்டு குசினியை விட்டு வெளியே வந்தார்.

“முதலாளி, வெள்ளி மூண்டு மணிக்கு எனக்கு விசாவுக்கு பிரெபெக்தூரிலை ரொந்தேவு. பதினாலு மாசம் பாத்திருந்து கிடைச்சது.”

“போயிட்டு வாவன்.”

“ஒரு கடிதம் வேணும். கீர்த்தனன் எண்ட பேரிலை இஞ்சை நிண்டது நான்தான் எண்டு. அது இல்லாட்டில் அந்தச் சீட்டு எல்லாம் அவன்ரை. நான் மூண்டு வருசமும் சும்மா படுத்துக் கிடந்த கணக்கு. வதிவிட அனுமதி தரமாட்டாங்கள்.”

மாமா மீசையைத் தடவினார். “என்ரை வாயாலை நானே சொல்லுறதோ, கள்ளப்பேரிலை ஆள் வைச்சிருந்தனான் எண்டு? கொன்ட்றோல் எண்டு கடையைச் சோதிக்க வந்தால் ஆர் நிக்கிறது?”

“முதலாளிதானே அட்டையையும் தந்தது.”

“ஆர் கண்டது?” என்றார் மாமா. “ஒரு சாட்சி காட்டு பாப்பம்.”

கீர்த்தனன் அண்ணை சுற்றிப் பார்த்தார். குளிர்பெட்டியைப் பார்த்தார், சாமிப்படத்தைப் பார்த்தார். என் மேல் அவர் கண் நிற்கவில்லை. நான் அங்கே இருப்பது சட்டென்று யாருக்கும் தெரிவதில்லை. அவர் திரும்பக் குசினிக்குள் போய் வெங்காயம் வெட்டினார்.

அன்று இரவு, கார்ஜ் ஊரில் உள்ள எங்கள் வீட்டில், கட்டிலுக்குக் கீழே இருந்த கொப்பிகளை எல்லாம் எடுத்தேன். ஒன்பது. வியாழன் காலை முழுவதும் தேடினேன். எங்கும் கீர்த்தனன்தான். கீர்த்தனன் வரவில்லை, பல். கீர்த்தனன் நேரத்துக்கு வரவில்லை, ரயில் வேலைநிறுத்தம், சென் தெனியிலிருந்து நடந்து வந்தார், பதினொரு மணி. கீர்த்தனன் வந்தார், ஆனால் தாயின் செத்தவீட்டை அரிசி மூட்டை அறையில் நின்று வட்ஸப்பில் பார்த்தார், நாற்பது நிமிடம்; வராத நாளாக எழுதவில்லை. எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதியிருக்கிறேன், ஆளின் பெயரைத் தவிர. மாமா கூப்பிட்டபடியே நானும் எழுதியிருக்கிறேன். ஆரெலி இதைத் தோண்டி எடுத்தால் கீர்த்தனனைப் பற்றித்தான் கட்டுரை எழுதுவார்.

கடைசியில் அடியில் கிடந்த முதலாவது கொப்பியைத் திறந்தேன். அதைத் திறக்க எனக்கு விருப்பமில்லை. பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற மாதங்கள் அதில்தான் இருக்கின்றன. நாற்பத்திரண்டாம் பக்கத்தில் கிடைத்தது.

வெள்ளி மதியம், கடை நிறையச் சனம் நிற்க, மாமாவின் முன்னால் அந்தக் கொப்பியை விரித்து வைத்தேன். பக்கத்தைக் கிழித்துக் கொடுக்கத்தான் நினைத்தேன். ஆரெலி எதையும் அது கிடந்த இடத்தோடு சேர்த்துத்தான் படம் எடுப்பார். எனவே கிழிக்கவில்லை.

“இதென்ன?”

நான் விரலை வைத்துக் காட்டினேன். மாமா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

‘பெப்ரவரி 9. புது ஆள் ஒருவர். பெயர் வரதராசா. மாமா சொன்னது: இண்டையிலை இருந்து நீ கீர்த்தனன், கூப்பிட்டால் திரும்பவேணும். மூன்று தரம் கூப்பிட்டுப் பழக்கினார். மூன்றாம் தரம்தான் திரும்பினார்.’

அதற்குக் கீழேயும் மாமா வாசித்தார். ‘மாமா மீசைக்குச் சாயம் பூசியிருக்கிறார். இடதுபக்கம் தவறிவிட்டது. ஒருவரும் சொல்லவில்லை.’

“உதையெல்லாம் ஏன் எழுதினனீ?”

நான் கவுண்டரைத் துடைத்தேன்.

“தங்கச்சி, இரண்டு கொத்துரொட்டி,” என்றார் வரிசையில் முதலாவதாக நின்றவர். மாமா அவருக்குக் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, பக்கம் பக்கமாகத் திருப்பினார். தன்னைப் பற்றி எங்கே இருக்கிறது என்று பார்க்கிறார் என்று விளங்கியது. எல்லா இடத்திலும் இருந்தது. அறுபதாம் பக்கத்தில் நின்றுவிட்டார்.

அங்கே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆட்டிறைச்சி வெட்டிக்கொண்டு ஒருநாள் அவரே சொன்னது. தொண்ணூற்றிரண்டில் வந்து மூன்று வருடம் அவர் செபஸ்தியாம்பிள்ளை. ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். நத்தாருக்கு முதலாளி அவரைத் தேவாலயத்துப் பூசைக்குக் கூட்டிக்கொண்டு போனார். தவரத்தினம் என்று கோயிலில் பெயர் வைத்த என் மாமா, எப்போது முழந்தாளில் நிற்பது என்று தெரியாமல், முன்னுக்கு நின்ற மனுசியைப் பார்த்துப் பார்த்து இருந்து எழும்பினார். அவர் சொல்லக் கேட்டு எங்கள் குசினியே சிரித்தது. அதன் பிறகு அவர் சொன்ன ஒரு வசனத்தையும் எழுதியிருக்கிறேன்: ‘அந்த மனுசன் கடிதம் தந்திராட்டில் நான் இண்டைக்கும் செபஸ்தியாம்பிள்ளைதான்.’

மாமா கொப்பியை மூடினார். கண்ணாடியைக் கழற்றினார். இலாச்சியைத் திறந்து கடை முத்திரையை எடுத்து மேசையில் வைத்தார்.

“கடிதத்தைப் பிரெஞ்சிலை நீ அடி,” என்றார். “நான் கையெழுத்து வைக்கிறன். அவன்ரை முழுப்பேர் என்ன?”

எனக்குத் தெரியாது. மாமாவுக்கும் தெரியாது. அடுப்படியில் நின்ற மற்ற இருவருக்கும் தெரியாது. நேரம் ஒன்றரை.

குசினிக் கதவடியில் போய் நின்றேன். காற்றாடி இரைந்தது. எண்ணெய் பொரிந்தது. எனக்குப் பின்னால் பதினாறு பேர் வரிசையில் நின்றார்கள். எண்ணிவிட்டுத்தான் வந்தேன்.

“வரதராசா அண்ணை,” என்றேன். அவர் சோற்றைக் கிண்டிக்கொண்டு நின்றார்.

“வரதராசா அண்ணை!” பக்கத்தில் நின்றவர் அது யார் என்று பார்த்தார்.

மூன்றாம் தரம் கத்தினேன். வரிசை முழுக்க என்னைப் பார்த்தது. அவர் திரும்பினார்.

முழுப்பெயரை ஒரு கடதாசிப் பையில் எழுதித் தந்தார். தகப்பன் பெயர் சின்னத்துரை. அடித்தேன். அச்செடுத்தேன். மாமா கையெழுத்து வைத்து, முத்திரையை இரண்டு தரம் குத்தினார். முதலாவது சரியாக விழவில்லை.

அவர் கடிதத்தை இரண்டு கையாலும் வாங்கினார். பிரெஞ்சு வாசிக்கத் தெரியாது. தன் பெயர் இருக்கும் வரியை மட்டும் தேடிப் பிடித்து, ஈர விரலை மையில் படாமல் அதற்குச் சற்று மேலே பிடித்துப் பார்த்தார். பிறகு ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினார். நூற்றுப்பதினொரு பேருக்கான சோறு வடிக்கும் பதத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. வரிசையில் நின்றவர்கள் விலகி வழி விட்டார்கள். அவர் என்னைக் கடந்து, மாமாவைக் கடந்து, கதவைத் தள்ளித் தெருவில் இறங்கிப் போய்விட்டார்.